தூய குருதி என்னும் பொய்: இனமேம்பாட்டியலுக்கு எதிராக அம்பேத்கரின் நாற்பதாண்டுகள்

ஜேடர்பாளையம் தடுப்பணையில் காவிரியின் ஒரு பகுதி இராஜ வாய்க்காலில் திரும்பி, பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் கரும்பு வயல்களுக்கும் பாய்கிறது. அணையை ஒட்டிய பூங்காவில் கல்லூரி மாணவர்கள் சிலரோடு நாங்கள் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினோம். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவி ஒருவர் தம் கைபேசியில் வந்திருந்த செய்தியொன்றைக் காட்டினார். கூட்டம் பார்த்து, சொந்தச் சாதிக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நம் முன்னோர் கண்டறிந்த மரபணு அறிவியல் என்றும், கலப்பு மணம் அந்த அறிவியலைக் கெடுக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தது. வகுப்புத் தோழர்கள் பலரும் இதை நம்புகிறார்கள், தோழர். அறிவியல் என்று சொல்பவர்களுக்கு நாம் என்ன விடை சொல்வது என்று அவர் கேட்டார்.

அன்று நாங்கள் சொன்ன விடை போதவில்லை. அதை விரிவாகச் சொல்லவே இக்கட்டுரை. அந்த விடைக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை தேவைப்படுகிறது. இந்தப் பொய்யை அதன் பிறப்பிடத்திலேயே சந்தித்து, இறக்கும்வரை அதனோடு பொருதியவர் புரட்சியாளர் அம்பேத்கர்.

அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் யார்?

1883ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேயர் யூஜெனிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கினார். இனமேம்பாட்டியல் எனத் தமிழில் வழங்குகிறோம். கால்நடைகளைத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வதுபோல, மனிதரிலும் தகுதியுடையோர் மிகுதியாகவும் தகுதியற்றோர் குறைவாகவும் பிள்ளை பெறவேண்டும் என்பதே அதன் சாரம். அமெரிக்காவில் இக்கொள்கைக்கு முதலில் இடமளித்த அமைப்புகளுள் ஒன்று பயிர், கால்நடை இனப்பெருக்கம் செய்வோரின் சங்கம்.

நாமக்கல் வட்டாரத்தவர்க்கு இது எளிதில் விளங்கும். இங்குள்ள பண்ணைகளின் முட்டைக் கோழிகள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. அந்த இனத்தின் ஆண் குஞ்சு முட்டையிடாது; ஆகவே பொரித்த இடத்திலேயே கழிக்கப்படுகிறது. இங்கே மேம்பாடு என்பது கோழியின் மேம்பாடு அன்று, உரிமையாளரின் ஆதாயம். மனிதரிடம் இதே முறையைக் கொண்டுவரும்போது முதலில் எழவேண்டிய கேள்வி, யார் தகுதியுடையவர் என்பதன்று. தகுதியை வகுக்கும் உரிமையாளர் யார் என்பதே.

மோவிலிருந்து நியூயார்க்குக்கு

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜி சக்பால், பீமாபாய் இணையருக்குப் பதினான்காவது குழந்தையாகப் பீமராவ் பிறந்தார். மகர் சாதியில் பிறந்ததால் பள்ளியில் தனியே கோணியில் அமர்த்தப்பட்டார். தண்ணீர்க் குழாயைத் தொட அனுமதியில்லை. 1907இல் பள்ளி இறுதித் தேர்வில் தேறி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார்.

அவர் சென்றிறங்கிய அமெரிக்கா இனமேம்பாட்டியலின் தலைமையிடமாக இருந்தது. இண்டியானா மாநிலம் 1907இலேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியிருந்தது. நியூயார்க்கை அடுத்த கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் 1910 முதல் ஓர் ஆவணக் காப்பகம், குடும்பங்களின் குறைபாடுகளைப் பட்டியலிட்டு வந்தது. வட ஐரோப்பிய இனம் அழிகிறது என்று அச்சுறுத்தும் மாடிசன் கிராண்டின் நூல் 1916இல் அதே நகரில் வெளிவந்தது. எனினும் கொலம்பியாவில் மாற்றுக் குரலும் இருந்தது. மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் அங்கேதான் கற்பித்தார். குடியேறியோரின் தலையளவுகள் புதிய சூழலில் மாறுவதைக் காட்டி, இனம் மாறாத ஒன்று என்ற கருத்தை அவர் அசைத்திருந்தார். அவருடைய மாணவரான அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், 1916 மே 9 அன்று, 25 வயது அம்பேத்கர் இந்தியச் சாதிகளின் இயக்கத்தையும் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றிய தம் கட்டுரையை வாசித்தார்.

மூடிய கதவின் கணக்கு

இந்தியர் அனைவரும் பல இனங்கள் கலந்து உருவான மக்கள் என்பது அக்கட்டுரையின் தொடக்கம். கோத்திரம் போன்ற குலப்பிரிவுக்குள் மணம் கூடாது என்ற புறமணமே இந்தியச் சமூகத்தின் பழைய இயல்பு. அதன்மேல் அகமணம் சுமத்தப்பட்டபோது சாதி பிறந்தது என்பது அதன் மையம். கொங்கு நாட்டின் கூட்டம் இந்தக் கோத்திரத்தைப் போன்றதே. ஒரே கூட்டத்தில் மணம் கூடாது என்பது புறமணம். சாதிக்கு வெளியே மணம் கூடாது என்பது அகமணம். மாணவியின் கைபேசிக்கு வந்த செய்தி, முதலாவதன் நியாயத்தைக் காட்டி இரண்டாவதை விற்கிறது.

அடுத்து அவர் ஒரு கணக்கைப் போட்டார். ஒரு குழு தன் கதவை மூடிக்கொண்டால், மணவயதில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். கணவன் முந்தி இறந்தால் மனைவி அந்தக் கணக்கில் மிகுந்துபோகிறாள். அவள் வெளியே மணந்தால் கதவு உடையும். உள்ளே மணந்தால் மற்றொரு பெண்ணுக்குரிய துணை குறையும். ஆகவே அவளை எரித்தார்கள். அல்லது கைம்மையில் அடைத்தார்கள். மனைவி முந்தி இறந்தால் ஆண் மிகுந்துபோகிறான். அதிகாரம் அவனிடம் இருப்பதால் அவனை எரிக்க முடியாது. ஆகவே இன்னும் மணவயது எட்டாத சிறுமியை அவனுக்குக் கட்டிவைத்தார்கள். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் சாதியின் விபத்துகள் அல்ல. கதவை மூடிவைத்திருக்கும் தாழ்ப்பாள்கள். குருதித் தூய்மை என்ற பெருமையின் விலையைப் பெண்ணின் உடல் செலுத்தியது. இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்கிறோம். நம் சமவெளிக்கு வரும்போது இது மீண்டும் தேவைப்படும்.

சாம்பலும் தீர்ப்பும்

1917இல் பரோடா திரும்பி உயர்பதவி ஏற்றபோது, கடைநிலை ஊழியர்கள் தீட்டு அஞ்சிக் கோப்புகளை அவர் மேசைமீது எறிந்தார்கள். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. தகுதியே எல்லாம் என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். அந்நாட்டின் மிக உயர்ந்த கல்வித்தகுதி கொண்டவருள் ஒருவர் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் மரத்தடியில் அமர்ந்து அழுதார். சாதி எக்காலத்திலும் திறமையைத் தேர்ந்தெடுத்ததில்லை. பிறப்பை மட்டுமே தேர்ந்தெடுத்தது.

இலண்டனில் பொருளியலும் சட்டமும் முடித்து 1923இல் பம்பாயில் வழக்கறிஞரானார். 1927 மார்ச்சில் மகாடு சவுதார் குளத்தில் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று அதே ஊரில் மனுநூல் எரிக்கப்பட்டது. எந்த வருணத்து ஆண் எந்த வருணத்துப் பெண்ணோடு சேர்ந்தால் பிறக்கும் குழந்தை எவ்வளவு இழிந்தது என்று பட்டியலிடும் நூல் அது. சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவரைச் சண்டாளர் என்று ஊருக்கு வெளியே நிறுத்தியதும் அதுவே. அதே 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரி பக் என்ற ஏழை இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டில் 60,000க்கும் மேற்பட்டோர் இத்தகைய சட்டங்களின்கீழ் மலடாக்கப்பட்டனர். 1933இல் ஹிட்லரின் அரசு இயற்றிய சட்டம் ஏறத்தாழ 4 லட்சம் பேரின் உடலில் கத்தி வைத்தது. பின்னர் அது படுகொலைக்கும் வழியமைத்தது. கருவறையை ஆள்வதன்மூலம் சமூகத்தை ஆளலாம் என்ற எண்ணம் மகாடில் சாம்பலான அதே ஆண்டில், உலகின் மறுமூலையில் நீதிமன்ற முத்திரை பெற்றது.

1936: அறிவியல் என்ற அகழி

லாகூரின் சாதி ஒழிப்பு அமைப்பு ஒன்று தலைமையுரைக்கு அவரை அழைத்து, உரையின் கருத்துகளுக்கு அஞ்சிப் பின்வாங்கியது. நிகழ்த்தப்படாத அந்த உரையை 1936இல் அவரே நூலாக வெளியிட்டார். அதில் ஒரு பகுதி, உயிரியலின் துணையோடு சாதியைக் காக்க முனைந்தோருக்கான விடை.

அவர் அடுக்கிய வாதங்களை நம் மொழியில் சுருக்கித் தருகிறோம். முதலாவது, உலகில் கலப்பற்ற இனம் எங்கும் இல்லை. மக்கள் கலந்த பின்னரே சாதி தோன்றியது. இரண்டாவது, பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் சமாரும் ஒரே இனத்தவர்; சென்னை மாகாணத்துப் பார்ப்பனரும் பறையரும் ஒரே இனத்தவர். சாதி இனத்தைப் பிரிக்கவில்லை. ஓரினத்து மக்களைத்தான் பிரித்தது. மூன்றாவது, நல்ல வித்துக்காகத்தான் மணத்தடை என்றால், சேர்ந்து உண்பதற்குத் தடை எதற்கு? உணவு எந்த வித்தைக் கெடுக்கும்? நான்காவது, அறிவும் ஒழுக்கமும் எவ்வாறு மரபுவழி இறங்குகின்றன என்பதை மரபியலாளரே அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஐந்தாவது, சாதி எவரையும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. தடுக்க மட்டுமே செய்தது. அதிகாரம் பெற்ற சிலர் தம் தன்னலத்தைப் பிறர்மேல் திணித்ததே அது.

ஓரிடத்தில் நாம் நின்று பேசவேண்டும். இராணுவத்திற்குத் தகாதவர் எனத் தள்ளப்பட்ட பெருந்தொகையினரைச் சுட்டி, சாதி மேம்பட்ட இனத்தை அன்று, குன்றிய உடல்களையே தந்தது என்றும் அவர் வாதிட்டார். எதிரியின் அளவுகோலைக் கொண்டே எதிரியை அளந்து காட்டும் வழக்கறிஞரின் உத்தி அது. ஆயினும் உயரத்தாலும் வலிவாலும் மனித மதிப்பை அளக்கும் அம்மொழியை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கும் குரல் கொடுக்கும் நாம் இன்று எடுத்தாள இயலாது. அம்பேத்கரை மதிப்பது என்பது அவர் காலத்தின் குறைகளையும் சேர்த்துச் சுமப்பதன்று.

பின்னாளில் அவர் மற்றோர் அளவுகோலையும் கையிலெடுத்தார். ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தியவர். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் தென்னாட்டு மக்களை அப்படியே அளந்தார்; அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. 1948இல் வெளியிட்ட தீண்டத்தகாதோர் பற்றிய நூலில், அத்தகைய அளவுகளைக் கொண்டே பார்ப்பனரும் தீண்டத்தகாதோரும் வேறுவேறு இனத்தவர் அல்லர் என்று அம்பேத்கர் நிறுவினார்.

நான்கு சிறு கல்லறைகள்

இனமேம்பாட்டியலை எதிர்த்தவர் குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்தது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை அவர் வீட்டிலிருந்து தொடங்குகிறது. அவரும் ரமாபாயும் ஐந்து பிள்ளைகளைப் பெற்றார்கள். நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். வறுமையாலும் நோயாலும் தேய்ந்த ரமாபாய் 1935 மே மாதம் மறைந்தார். பிள்ளைப்பேறு ஒரு பெண்ணின் உடலை என்ன செய்யும் என்பதை அவர் அருகிருந்து கண்டவர்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளருக்கான மகப்பேற்று நலச் சட்டத்தை ஆதரித்துப் பேசினார். கருத்தடை பற்றி எழுதியமைக்காக ஆபாச வழக்கில் சிக்கிய ர.தோ. கார்வேக்காக 1934இல் வாதாடினார்; வழக்கில் தோற்றார். 1938 நவம்பரில், அவர் உருவாக்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் தீர்மானத்தை அவருடைய கட்சி உறுப்பினர் ரோகம் பம்பாய் சட்டமன்றத்தில் முன்மொழிந்தார், அதுவும் தோற்றது. அக்காலத்தில் கருத்தடைக்காகப் பேசிய பலர், ஏழைகள் பெருகுகிறார்களே என்ற அச்சத்தால் பேசினார்கள். தமிழ்நாட்டில் பெரியார் அவர்களிடமிருந்து விலகி, பெண் விடுதலைக்காகவே கருத்தடை என்றார். அம்பேத்கர் தீர்மானத்தின் அக்கறை தாயின் உடல்நலமும் வறுமையிலிருந்து மீட்சியுமாக இருந்தது. எந்தச் சாதியார் எத்தனை பிள்ளை பெறவேண்டும் என்று அது வகுக்கவில்லை. தனக்கு வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வதற்கும், உனக்கு வேண்டாம் என்று அரசு சொல்வதற்கும் உள்ள இடைவெளியே உரிமைக்கும் இனமேம்பாட்டியலுக்கும் உள்ள இடைவெளி.

இந்த இடைவெளி மறக்கப்பட்டதன் விளைவை அவர் மறைவுக்குப் பின் நாடு கண்டது. நெருக்கடிநிலையின்போது 1976–77இல் 80 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. இலக்கை நிரப்ப ஏழைகளும் ஒடுக்கப்பட்டோரும் பிடித்துச் செல்லப்பட்டனர். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் 13 பேர் இறந்தனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. முன்னதாக 2009இல், அறிவுசார் குறைபாடுடைய ஒரு பெண்ணின் விருப்பத்திற்கு மாறாகக் கருவைக் கலைக்க முடியாது என்றும் அது தீர்ப்பளித்திருந்தது. மகப்பேறு பற்றிய முடிவு பிரிவு 21 காக்கும் தனிமனித உரிமை என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

சட்டத்தில் திறந்த கதவு

1928இல் சைமன் குழுவின் முன் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டபோது, கல்லாதோர்க்குத் தகுதி உண்டா என்ற ஐயம் அவர்முன் வைக்கப்பட்டது. அரசமைப்புச் சட்டம் அந்த ஐயத்தையே நீக்கியது. குடிமகன் ஆவதற்கு உடலின், அறிவின், குருதியின் தேர்வு எதுவும் இல்லை. பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது. 1949இல் இயற்றப்பட்ட சட்டம், இந்துக்களிடையே சாதி கடந்த மணங்கள் செல்லும் என்று உறுதிசெய்தது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக நான்காண்டுகள் உழைத்து, அது முடக்கப்பட்டதால் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். இதற்கிடையே 1948 ஏப்ரலில், பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் சாரதா கபீரை மணந்தார். சாதியை ஒழிக்கும் வழிகளுள் கலப்பு மணம் முதன்மையானது என்று எழுதியவர், அதைத் தம் வாழ்விலும் செய்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பெருந்திரளான மக்களோடு பௌத்தம் ஏற்றார். டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

நம் சமவெளியில் அந்தக் கணக்கு

இனி ஜேடர்பாளையத்துக்குத் திரும்புவோம். 1916இல் அவர் போட்ட கணக்கு இங்கே தலைகீழாக நிறைவேறியிருக்கிறது. பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. 2001 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர். நிலம் பிரியக்கூடாது, வரதட்சணை தரக்கூடாது என்று பெண்ணைக் குறைத்தவர்கள், ஒரு தலைமுறைக்குப் பின் மணப்பெண் கிடைக்காமல் தவிக்கிறார்கள். இப்போது மிகுந்துபோனவன் ஆண். நிலவுடைமைச் சாதிகளின் இளைஞர்களுக்குத் தரகர்கள் கேரளத்தில் பெண் பார்க்கிறார்கள். அங்கே சாதி பற்றிய கேள்வி தளர்ந்துவிடுவதை நாளேடுகள் பலமுறை எழுதியுள்ளன.

அதே சமவெளியில், 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு மலைக்கோயிலில் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த தோழியோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவருடைய உடல் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மலை தாண்டி வரும் மணப்பெண்ணுக்குத் திறக்கும் கதவு, பக்கத்து ஊரின் பட்டியலின இளைஞனுக்குக் கொலையோடு மூடப்படுகிறது. காக்கப்படுவது குருதியானால் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும். காக்கப்படுவது நிலமும் அதிகாரமும், அவற்றைச் சுமக்கும் பெண்ணின் மீதான உரிமையும்தான்.

மரபணு அறிவியல் எதைத்தான் சொல்கிறது? 2013இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, இந்திய மக்கள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாகக் கலந்தார்கள். அதன்பின்னரே அகமணம் இறுகியது. 2017இல் வந்த மற்றோர் ஆய்வு, மூடிய குழுக்களில் சில மரபுநோய்கள் செறிந்திருக்கும் வாய்ப்பைச் சுட்டியது. கலப்பு முந்தையது, தடை பிந்தையது என்று 25 வயது மாணவர் கருத்தரங்கில் சொன்னது பெரிதும் சரியே.

ஆனால் இயக்கத் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கலப்பு மணத்தில் நலமான பிள்ளைகள் பிறக்கும், ஆகவே கலந்து மணம் செய்வோம் என்று நம் மேடைகளிலும் சிலர் பேசுகிறோம். அது எதிரியின் பண்ணையில் நாமும் குஞ்சு பொரிப்பது. நாளை ஓர் ஆய்வு மாறாகச் சொன்னால் நம் உரிமை போய்விடுமா? குறைபாட்டோடு பிறக்கும் குழந்தை நம் இயக்கத்தின் தோல்வியா? அம்பேத்கர் கலப்பு மணத்தைக் கேட்டது நல்ல வித்துக்காக அன்று; மனிதர் ஒருவரையொருவர் உறவாக உணர வேண்டும் என்பதற்காக.

நடைமுறையில் செய்ய வேண்டியவையும் உள்ளன. சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும்போது அது சாதி அமைப்புகளின் கையில் வேவுத்தாளாகிறது. பாதுகாப்பு கேட்டு வரும் இணையர்களிடம் நாங்கள் முதலில் காணும் அச்சம் இதுதான். தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டத்தின் பிரிவு 7ஏ காட்டும் சுயமரியாதைத் திருமணத்திற்கு அறிவிப்பு தேவையில்லை. நண்பர் என்ற முறையில் வழக்கறிஞரும் அதை நடத்திவைக்கத் தடையில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆணவக்கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பாதுகாப்பான தங்குமிடமும் சிறப்புப் பிரிவும் வேண்டும் என்று 2018இல் அது பிறப்பித்த நெறிமுறைகளை நம் மாவட்ட நிர்வாகங்கள் செயல்படுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.

அந்த மாணவிக்கு இப்போது விடை சொல்கிறோம். வகுப்பில் இனி யாரேனும் மரபணு என்று தொடங்கினால், அறிவியலைப் பற்றி வாதிடுங்கள். அதற்கான சான்றுகள் நம் பக்கம் உண்டு. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள். நான் யாரை மணப்பது, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய உங்களுக்கு உரிமை கொடுத்தவர் யார்? இதற்கு விடை சொல்லாமல் நற்பேறு, நல்ல குலம், நல்ல வித்து என்று பேசும் எவரும், எந்த மொழியில் பேசினாலும், மகாடில் எரிந்த அந்த நூலைத்தான் மீண்டும் படித்துக் காட்டுகிறார்கள்.